மலையேற்ற நூல்களைத் தேடிச் சேர்ப்போம்

தேசிய விவகாரங்களை ஆராயும் இப்பக்கத்தில், பழைய புத்தகக் கடைகளில் தூசி படிந்து கிடக்கும் மலையேற்ற நூல்களைப் பற்றி எழுதப் புகுந்தது ஏன் என்று வாசகர்களிற் சிலர் வினவக்கூடும். வரி, நீர்ப்பாசனம், தேர்தல், விலைவாசி என்று எத்தனையோ விஷயங்கள் குவிந்து கிடக்கையில், பனிமலைமேல் ஏறியவர்களின் கதை யாருக்கு வேண்டும் என்று அவர்கள் கேட்பதில் நியாயமும் உண்டு. ஆயினும் இது வெறும் பொழுதுபோக்கைச் சேர்ந்த விஷயமன்று. நமது மலைகளை அளந்தவர் யார்? அவற்றின்மேல் வழி கண்டவர் யார்? சுமை தூக்கியவர் யார்? உயிர் விட்டவர் யார்? இக்கேள்விகளுக்கு விடை அந்நூல்களிலேதான் இருக்கிறது. சில நூல்களில் விடை அச்சாகியிருக்கிறது. சிலவற்றில் அச்சாகாமல் விடப்பட்டிருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் உண்மை புலப்படும். ஆகவே, இந்நூல்களைத் தேடிச் சேர்ப்பது செல்வர்களின் விளையாட்டன்று. நாட்டின் சாட்சியங்களைக் காக்கும் வேலை என்பது நமது துணிபு.

பரங்கிமலையில் தொடங்கிய கதை

இமயத்தின் உயரத்தைக் கண்ட கதை சென்னைக்கு அருகிலேயே தொடங்குகிறது என்பதைப் பலர் அறியார். 1802-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில், வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலப் படை உத்தியோகஸ்தர், பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் இடையே சுமார் 7½ மைல் நீளமுள்ள ஓர் அடிக்கோட்டைச் சங்கிலி கொண்டு அளந்தார். அந்த ஒரு கோட்டின்மேல் முக்கோணத்தின்மேல் முக்கோணமாகக் கட்டிக்கொண்டே போய்த் தேசம் முழுவதையும் அளந்த வேலையே பின்னர் மகா முக்கோண அளவை என்று பெயர் பெற்றது. அதற்கென வந்த கோணம் அளக்கும் கருவியின் எடை அரை டன். 1808-ல் அக்கருவியைத் தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் ஏற்றுகையில், அது சுவரில் மோதிச் சேதமுற்றது. அதனை ஊரூராய்ச் சுமந்தவர்களும், சங்கிலி பிடித்தவர்களும், பார்வை செல்லக் காடு வெட்டியவர்களும், காட்டுக் காய்ச்சலில் மாண்டவர்களும் பெரும்பாலும் நம் நாட்டு ஏழை மக்களே. லாம்டனுடைய பெயரைப் புத்தகங்கள் சொல்லுகின்றன. அவர்களுடைய பெயரை எந்தப் புத்தகம் சொல்லுகிறது?

அளவை வடக்கே சென்று இமயத்தை எட்டிற்று. 15 என்று எண் இடப்பட்டிருந்த ஒரு சிகரமே உலகில் மிக உயர்ந்தது என்று கணக்குக் காட்டிற்று. 1856-ல் அதன் உயரம் 29,002 அடி என அறிவிக்கப்பட்டது. 1865-ல் முன்னாள் அளவைத் தலைவர் ஜார்ஜ் எவரெஸ்ட்டின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. நேப்பாளமும் சீனாவும் கூடி 2020-ல் வெளியிட்ட அளவு 8,848.86 மீட்டர். அஃதாவது 29,031 அடிக்குச் சிறிது மேல். ஒன்றரை நூற்றாண்டுக்கு முன், அடிவாரத்துச் சமவெளியிலிருந்து நோக்கிக் கணக்கிட்டதற்கும் இன்றைய அளவுக்கும் உள்ள வேற்றுமை 30 அடிக்கும் குறைவு! அக்காலத்தில் அளவையின் தலைமைக் கணிதராக விளங்கியவர் வங்காளத்தவரான ராதாநாத் சிக்தார். 1813-ல் பிறந்து, 1831-ல் இளைஞராக அவ்வேலையில் அமர்ந்தவர்.

இங்கேதான் பழைய நூல்களின் அருமை விளங்குகிறது. 1851-ல் ஸ்மைத், துய்லியர் என்ற இரண்டு உத்தியோகஸ்தர்கள் இந்தியாவுக்கான நில அளவைக் கையேடு ஒன்றைப் பிரசுரித்தனர். அதன் முக்கியமான சாஸ்திரப் பகுதிகள் சிக்தாருக்குக் கடன்பட்டவை என்பதை அதன் முன்னுரையே ஒப்புக்கொண்டது. சிக்தார் 1870-ல் மறைந்தார். 1875-ல் அந்நூலின் மூன்றாம் பதிப்பு வெளிவந்தது. அவர் எழுதிய பகுதிகள் அதில் இருந்தன. அவர் பெயர் இல்லை! இறந்தவரின் சொத்தைக் களவாடியதற்கு ஒப்பான செயல் இது என்று 1876-ல் பிரெண்ட் ஆப் இந்தியா என்னும் பத்திரிகை கண்டித்தது.

வாசகர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். மூன்றாம் பதிப்பை மட்டும் கையில் வைத்திருப்பவனுக்கு அந்தக் குறை தெரியவே தெரியாது. அவனுக்கு அந்நூல் முழுமையானதாகவே தோன்றும். முதற்பதிப்பை யாரோ போற்றி வைத்திருந்ததனால் அன்றோ களவு வெளிப்பட்டது? "புதிய பதிப்பு வந்துவிட்டது, பழையதைக் கடையில் போடு" என்று எல்லோரும் இருந்திருந்தால், சிக்தாரின் பெயர் அன்றே அழிந்திருக்கும். பழம்பதிப்புகளைச் சேர்ப்பவனைப் பித்தன் என்று சிரிப்போர் இச்சம்பவத்தை நினைவிற் கொள்வாராக.

கூலி என்றொரு சொல்

எவரெஸ்ட் சிகரத்தின்மேல் ஏறுவதற்காக வெள்ளையர் 1921, 1922, 1924 ஆகிய மூன்று வருஷங்களில் படையெடுத்தனர். ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு பெரிய நூல் உண்டு. 1922, 1923, 1925 ஆகிய வருஷங்களில் அவை லண்டனில் வெளிவந்தன. மலை நூல் சேர்ப்போர் அனைவரும் முதலில் நாடுவது இம்மூன்று நூல்களையே. அவற்றில் தைரியமுண்டு, அழகிய படங்களுண்டு, மடித்து வைத்த தேசப்படங்களுண்டு. சுமந்தவர்களுக்கு அவை பெரும்பாலும் இட்ட பெயர் ஒன்றே: கூலி.

1922-ம் வருஷம் ஜூன் மாதம் 7-ந் தேதி, வடகணவாய்க்குக் கீழேயுள்ள சரிவில் பனி சரிந்து விழுந்தது. சுமை தூக்கியவர்களில் 7 பேர் மாண்டனர். வெள்ளையர் ஒருவரும் இறக்கவில்லை. 1924-ல் சிகரத்தருகே மறைந்த மல்லோரியையும் இர்வினையும் உலகம் அறியும். மல்லோரியின் உடலை 1999-ல் தேடிக் கண்டுபிடித்தார்கள். இர்வினின் பாதத்தையும் 2024-ல் கண்டெடுத்தார்கள். அவ்விரு வீரர்களையும் நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால், அந்த 7 பேரின் பெயர்களைச் சொல்லத் தெரிந்தவர் நம்மில் எத்தனை பேர்?

இச்சம்பவத்தைப் பற்றி வேறொரு நூலும் இருக்கிறது. தமிழர்களாகிய நாம் அதனை அவசியம் தேடிப் பெறவேண்டும். அன்று அச்சரிவில் இருந்த வெள்ளையர் மூவருள் ஒருவர் ஹோவர்டு சாமர்வெல் என்னும் வைத்தியர். மலையை விட்டு இறங்கியபின் அவர் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டுத் தெற்கே நெய்யூரை அடைந்தார். அந்நாளில் அது திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. 1956 முதல் தமிழ்நாட்டுக் கன்னியாகுமரி ஜில்லாவைச் சேர்ந்தது. அங்கிருந்த மிஷன் ஆஸ்பத்திரியில், கூட்டம் கூட்டமாய் வந்த நோயாளிகளையும் களைத்துப்போன வைத்தியரையும் கண்டு, லண்டனில் தமக்குக் காத்திருந்த வாழ்வைத் துறந்து அங்கேயே தங்கத் துணிந்தார். 1924-ல் மீண்டும் எவரெஸ்ட்டுக்குச் சென்று 28,000 அடி உயரம் வரையில் ஏறினார். மறுபடியும் நெய்யூர் திரும்பிப் பல்லாண்டு நம் மக்களுக்கு வைத்தியம் செய்தார். அவர் 1936-ல் வெளியிட்ட நூலின் பெயர் 'எவரெஸ்ட்டுக்குப் பின்'. பனிச்சரிவில் மாண்டவர்கள் யாவரும் சுமை தூக்கியவர்களாகவே இருந்ததை நினைந்து அவர் அந்நூலில் உள்ளம் நொந்து எழுதியிருக்கிறார். தங்களில் ஒருவரேனும் அவர்களுடன் மாண்டிருந்தால், நஷ்டத்தில் தாங்களும் பங்கு கொண்டோம் என்பதை உயிர்பிழைத்த ஷெர்ப்பாக்கள் உணர்ந்திருப்பார்களே என்பது அவருடைய ஏக்கம்.

முயற்சியின் பெருமையைப் பேசும் பெரிய நூல் ஒரு பக்கம். மனச்சாட்சி பேசும் இச்சிறிய நூல் மற்றொரு பக்கம். இரண்டையும் ஒரே அலமாரியில் வைத்துப் பாருங்கள். ஒன்றின் வெற்றிடத்தை மற்றொன்று நிரப்பும். நூல்களைச் சேர்ப்பது என்றால் இதுதான். அழகிய அட்டைகளை வரிசையாய் அடுக்கிப் பார்ப்பதன்று. ஒரு நூலை மற்றொரு நூலால் விசாரிப்பது.

நியாயம் இரண்டு பக்கமும் பேசவேண்டும். வெள்ளையர் எழுதிய நூல்கள் யாவும் ஒரே தன்மையன அல்ல. 1934-ல் எரிக் ஷிப்டனும் டில்மனும் ரிஷிகங்கைப் பள்ளத்தாக்கின் வழியே நந்தாதேவியின் உள்வட்டத்தை அடைந்தபோது, அவர்களுடன் சென்றவர்கள் 3 ஷெர்ப்பாக்கள். ஷிப்டன் 1936-ல் எழுதிய நந்தாதேவி என்னும் நூலில் ஆங் தார்க்கே, பசாங், குசாங் ஆகிய அம்மூவரும் பெயரோடும் குணத்தோடும் தோழர்களாகவே நடமாடுகின்றனர். நமது சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் காடுகளில் திரிந்த கென்னத் ஆண்டர்சனின் வேட்டை நூல்களிலும், காட்டைத் தமக்குக் கற்பித்தவனென்று பைரா என்னும் பூஜாரியை அவர் நன்றியோடு குறிப்பதைக் காணலாம். இப்படிப்பட்ட நூல்களை நாம் தனியே போற்றவேண்டும்.

ஷெர்ப்பாக்கள் காட்டிய விசுவாசத்துக்கு ஒரு சான்று கூறுவோம். அதே 1934-ல் ஜெர்மானியர் நங்கபர்வதத்தில் ஏறினர். கொடும் புயலில் சிக்கி 3 ஜெர்மானியரும் 6 ஷெர்ப்பாக்களும் மாண்டனர். கூட்டத்தின் தலைவர் வில்லி மெர்க்கல் நடக்க முடியாமல் சோர்ந்தபோது, கேலே என்னும் ஷெர்ப்பா அவரைத் தனியே விட்டிறங்க மனமின்றி அவரோடேயே தங்கி உயிர் துறந்தான். 1938-ல் இருவர் உடல்களும் காணப்பட்டன. அப்புயலில் பிழைத்த ஷெர்ப்பா ஒருவரைத் தேடிச் சென்று அவர் வாய்மொழியைக் கேட்டு, ஜோனதன் நீல் என்னும் ஆசிரியர் ஷெர்ப்பாக்களின் பக்கத்துக் கதையை 2002-ல் நூலாக வெளியிட்டார். நிகழ்ச்சி நடந்தது 1934. அவர்கள் பக்கத்துக் கதை இவ்வாறு அச்சேறியது 68 வருஷங்களுக்குப் பின்!

எழுதத் தெரியாதவர் எழுதிய நூல்கள்

1953-ம் வருஷம் மே மாதம் 29-ந் தேதி டென்சிங்கும் ஹில்லரியும் எவரெஸ்ட் உச்சியில் நின்றனர். கூட்டத்தின் தலைவர் ஜான் ஹண்ட் எழுதிய நூல் அவ்வருஷமே வெளிவந்தது. டென்சிங்குக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல அமெரிக்க ஆசிரியர் ஜேம்ஸ் ராம்சே உல்மன் எழுதியது 1955-ல் வெளிவந்தது. உச்சியில் முதலில் கால் வைத்தவர் யார் என்று உலகமே சச்சரவிட்டுக்கொண்டிருந்த காலம் அது. தமக்குச் சில அடி முன்னே ஹில்லரி சென்றார் என்பதை டென்சிங் தயக்கமின்றி அந்நூலில் சொல்லிவிட்டார். நம்மவர் பலர் டென்சிங்கே முதலில் ஏறியவர் என்று கோஷமிட்டுக்கொண்டிருக்கையில், அவர் உண்மையே பெரிதென்று கொண்டார். தேசபக்தி என்பது பொய்யைக் காப்பதன்று என்பதற்கு அப்பக்கத்தைவிடச் சிறந்த பாடம் வேறு உண்டோ?

முன்னே கூறிய ஆங் தார்க்கேயின் சரித்திரம் இன்னும் பரிதாபமானது. 1950-ம் வருஷம் ஜூன் மாதத்தில் பிரெஞ்சுக்காரர் அன்னபூர்ணாவின் உச்சியை அடைந்தபோது, ஷெர்ப்பாக்களுக்குத் தலைவராயிருந்தவர் அவரே. அம்முயற்சியைப் பற்றிப் பிரெஞ்சுத் தலைவர் மொரீஸ் ஹெர்ஸோக் எழுதிய நூல் ஆங்கிலம் முதலிய பாஷைகளில் பெயர்க்கப்பட்டு உலகெங்கும் பரவிற்று. ஆங் தார்க்கே தாம் வாயாற் சொல்லிய சுயசரிதமும் 1954-ல் பிரெஞ்சு பாஷையில் வெளிவந்தது. அது ஆங்கிலத்தில் வந்தது எப்போது? 2016-ல். இடைப்பட்ட 62 வருஷ காலமும் அம்மனிதருடைய குரல், பழைய பிரெஞ்சுப் புத்தகங்களைத் தேடித் திரிந்தவர்களின் அலமாரிகளில் மட்டுமே உயிர் வாழ்ந்தது. நூல் சேர்ப்போரின் தொண்டு இன்னதென்பதற்கு இதுவே போதும்.

எங்கே தேடுவது?

சென்னையில் பழைய புத்தகம் என்றதும் முதியோர் பெருமூச்செறிவது மூர் மார்க்கெட்டை நினைந்து. 1900-ல் திறக்கப்பெற்ற அக்கட்டிடம் 1985-ம் வருஷம் மே மாதத்தில் தீக்கிரையாயிற்று. எரிந்தவை கடைகள் மாத்திரமல்ல. எத்தனையோ வீடுகளிலிருந்தும் கிளப்புகளிலிருந்தும் வந்து சேர்ந்திருந்த நூல்களும் சாம்பலாயின. கடைக்காரர்களுக்குப் பின்னர் அல்லிக்குளத்தில் இடமளிக்கப்பட்டது. திருவல்லிக்கேணியில் பைகிராப்ட்ஸ் ரோடென்று வழங்கிய பாரதி சாலையின் நடைபாதையும் புத்தகப் பிரியர்கள் அறிந்ததே. கல்கத்தாவில் காலேஜ் தெருவும், டில்லியில் தரியாகஞ்ச் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையும் புகழ் பெற்றவை. பின்னது 2019-ல் மகிளா ஹாட் என்னும் இடத்துக்கு மாற்றப்பட்டது. உதகை, கொடைக்கானல், டார்ஜிலிங் போன்ற மலைவாசத் தலங்களில் வெள்ளையர் விட்டுச் சென்ற நூல்களும் ஏலத்துக்கும் எடைக்கும் போய்க் கைமாறுவது உண்டு.

வாங்குமுன் கவனிக்கவேண்டியவை சில. முதலில் முகப்பின் பின்பக்கத்தைப் பார்க்கவேண்டும். எந்த வருஷத்துப் பதிப்பு என்பது அங்கேதான் தெரியும். அடுத்தபடி, படங்களின் ஜாபிதாவை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு படமும் தன் இடத்தில் இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கவேண்டும். மூன்றாவது, தேசப்படம். மலை நூல்களுக்கு உயிர்நாடி அதுவே. கடைசிப் பக்கத்தில் மடித்து ஒட்டியோ, அட்டையின் உட்பையிலோ வைத்திருப்பார்கள். சட்டமிட்டு மாட்டுவதற்காக அதைக் கத்தியால் அறுத்தெடுத்து விற்பவர் உண்டு. நாம் ஒருமுறை நடைபாதைக் கடையொன்றில், பரீட்சை வழிகாட்டிகளின் அடியிலிருந்து ஒரு பழைய இமய நூலைக் கண்டெடுத்துப் பெருமகிழ்ச்சியோடு வீடு சேர்ந்தோம். விளக்கடியில் விரித்துப் பார்த்தபோது, தேசப்படம் இருந்த இடத்தில் அரையங்குலத் துண்டுதான் எஞ்சியிருந்தது. அன்றிரவு அந்நூலைப் படித்தோம். ஆசிரியர் நடந்த வழி கண்முன் எழவே இல்லை. அதன் பின்னர், கடையிலேயே முழுவதையும் புரட்டிப் பாராமல் பணம் கொடுப்பதில்லை என்று விரதம் பூண்டோம்.

மேலுறை கிழிந்திருந்தால் அதனைக் குப்பையில் எறியற்க. அச்சிட்டோர் அந்நூலை எவ்வாறு அறிமுகம் செய்தனர் என்பது அதில் இருக்கும். முன்பக்கத்தில் யாருடைய கையெழுத்தேனும் இருந்தால் அழிக்கற்க, அதுவும் சரித்திரமே. நமது நாட்டின் ஈரமும் வெயிலும் புத்தகத்துக்குப் பகை. இராமபாணப் பூச்சியும் கறையானும் அதற்கு யமன். சுவரோடு ஒட்டாத அலமாரி, காற்றோட்டம், அவ்வப்போது தூசி தட்டல், உலர்ந்த வேப்பிலையும் வசம்பும் ஆகிய எளிய பாதுகாப்பு ஏழையின் வீட்டிலும் இயலும். பசை நாடாவைக் கொண்டு கிழிசலை ஒட்டுவது மட்டும் கூடவே கூடாது. அது நாளடைவில் பழுப்பேறிக் காகிதத்தைத் தின்றுவிடும்.

சில ஆட்சேபங்கள்

"ஆங்கிலேயர் பெருமை பேசும் நூல்களை நாம் ஏன் போற்றவேண்டும்?" என்று தோழர் சிலர் கேட்கின்றனர். அவற்றைப் போற்றச் சொல்லவில்லை, காக்கச் சொல்லுகிறோம். எதிர்க்கட்சியின் தஸ்தாவேஜு என்பதற்காக அதனைக் கிழித்தெறியும் வக்கீல் வழக்கில் வெல்வானா? அதிலிருந்துதான் அவன் தன் கட்சியை நிரூபிக்கவேண்டும். படத்தில் பின்வரிசையில் நிற்பவர் யார், அவர் முதுகில் எத்தனை ராத்தல் சுமை, அவர் காலில் என்ன செருப்பு, கூலி எவ்வளவு என்பதெல்லாம் அந்நூல்களின் அனுபந்தங்களிலும் படங்களிலும் கிடக்கின்றன. ஆசிரியர் பெருமைக்காக எழுதாமல் கணக்குக்காக எழுதிய பக்கங்களே நமக்குப் பெரும் சாட்சி.

"எல்லாம் இப்போது கணினியில் கிடைக்கிறதே!" என்பது மற்றோர் ஆட்சேபம். கிடைப்பது நல்லதே, வாங்க வசதியற்ற மாணவனுக்கு அது பெரும் உபகாரம். ஆனால் அவ்வாறு படமெடுத்த பிரதிகளில், மடித்த தேசப்படத்தை விரிக்காமலேயே எடுத்திருப்பதை நாம் பலமுறை கண்டோம். எந்தப் பதிப்பைப் படமெடுத்தனரோ அந்தப் பதிப்புத்தான் கிடைக்கும். சிக்தாரின் பெயர் உள்ளதா, நீங்கியதா என்பதைச் சரிபார்க்கக் கடைசியில் காகித நூலிடமே வரவேண்டும்.

"இது பணக்காரர் வேலை" என்பது மூன்றாவது. பெயர் பெற்ற முதற்பதிப்புகளுக்கு விலை அதிகந்தான். ஆனால் மறுபதிப்பிலும் மலிவுப் பதிப்பிலும் நல்ல நூல்கள் ஏராளம். காரைக்குடிக்கருகே கோட்டையூரில் ரோஜா முத்தையா என்னும் ஒரு தனி மனிதர், பழந்தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் நோட்டீசுகளையுங்கூட விடாது சேர்த்து வந்தார். 1992-ல் அவர் மறைந்தார். அவருடைய சேகரமே இன்று சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக விளங்குகிறது. அதனைக் காப்பாற்ற முன்வந்தது சிகாகோ பல்கலைக்கழகம். கடலுக்கப்பாலிருந்து வந்தவர்கள் மதிப்பறிந்த செல்வத்தை நாம் எடைக்குப் போட்டுக்கொண்டிருந்தோம் என்பது நமக்குப் பெருமையா?

புதிய நூல்களும் வேண்டும்

பழையவற்றை மட்டும் தேடுவோர் ஒன்றை மறக்கலாகாது. இன்றைய புது நூல் நாளைய அரிய நூல். கோலியின் தலைமையில் 1965-ல் நம்மவர் 9 பேர் எவரெஸ்ட் உச்சியை அடைந்த வரலாற்றை அவரே எழுதி 1969-ல் வெளியிட்டார். பச்சேந்திரி பால் 1984-ல் அவ்வுச்சியை அடைந்த முதல் இந்தியப் பெண்மணியானார்; அவரும் தம் அனுபவத்தை நூலாக்கியிருக்கிறார். குமாவோனைச் சேர்ந்த நயின் சிங் ராவத்தை எடுத்துக்கொள்வோம். 1865-66-ல் மாறுவேஷத்தில் லாசா வரை நடந்து, 100 மணி கொண்ட ஜபமாலையில் தம் அடிகளை எண்ணி, பிரார்த்தனைச் சக்கரத்துக்குள் குறிப்புகளை மறைத்துத் திபெத்தின் வழிகளை அளந்தவர் அவர். அன்றைய அறிக்கைகளில் அவர் வெறும் 'பண்டிதர்'. 1877-ல் லண்டன் பூகோள சங்கம் அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்தது. ஆயினும் அவருடைய வாழ்க்கையையும் எழுத்துக்களையும் திரட்டி 2006-ல் ஹிந்தியில் வெளியிட்டவர்கள் அவருடைய மலைநாட்டைச் சேர்ந்த உமா பட், சேகர் பாடக் ஆகிய இரு அறிஞர்களே. தம் நாட்டானின் பெயரைத் தாமே மீட்டார்கள்! நாம் பின்பற்றவேண்டிய வழி அது.

2014-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 18-ந் தேதி எவரெஸ்ட்டின் கும்பு பனியருவியில் 16 நேப்பாளத் தொழிலாளர் மாண்டனர். 1922-ல் இறந்ததும் சுமந்தவரே. 92 வருஷங்களுக்குப் பின் இறந்ததும் சுமந்தவரே. ஆயின் காலம் முற்றும் மாறாமலும் இல்லை. 2021-ம் வருஷம் ஜனவரி மாதம் 16-ந் தேதி, குளிர்காலத்தில் அதுவரை எவரும் ஏறாத கே-2 சிகரத்தின் உச்சியை 10 பேர் அடைந்தனர். பதின்மரும் நேப்பாளத்தவர். உச்சிக்குச் சற்றுக் கீழே நின்று, ஒருவர்க்காக ஒருவர் காத்திருந்து, எல்லோரும் ஒன்றாகவே மேலேறினர். முதலில் கால் வைத்தவர் யார் என்ற கேள்விக்கு அங்கே இடமே இல்லை. சுமந்தவர்களின் பேரர்கள் தங்களுக்காகவே ஏறிய அந்நாளைப் பற்றிய நூல்களை இப்போதே வாங்கி வையுங்கள். ஐம்பது வருஷம் கழித்து அவற்றைத் தேடி நம் பேரர்கள் அலைவார்கள்.

செய்யவேண்டியது

1948-ல் தேசத்திலேயே முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் இயற்றிய பெருமை சென்னை மாகாணத்துக்கு உண்டு. அந்த மரபில் வந்த நமக்கு இது பெரிய காரியமன்று. ஒவ்வொரு வாசகசாலையிலும் ஓர் அலமாரித் தட்டை மலைக்கும் காட்டுக்கும் கடலுக்கும் ஒதுக்குங்கள். நண்பர்கள் ஐவர் கூடி மாதம் ஒரு நூல் வாங்கினால், வருஷத்தில் 12 நூல்கள். பத்து வருஷத்தில் ஓர் ஊருக்கே போதுமான சேகரம். வாங்கிய நூலைப் பூட்டி வைக்காமல் இளைஞர்கள் கையில் கொடுங்கள். படித்தவர்கள் ஒவ்வொருவரும், அந்நூலில் வரும் நம்மவர் பெயர்களை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கட்டும். பெயர் சொல்லப்படாத இடத்தில் 'பெயரில்லை' என்று எழுதட்டும். அந்தக் குறிப்பேடே பின்னர் எழுதப்போகும் ஒரு தமிழ் நூலுக்கு முதல் ஏடாகும்.

மலை எங்கும் போய்விடாது. அதன்மேல் ஏறியவரின் அடிச்சுவட்டை ஒரே இரவில் பனி மூடிவிடும். எஞ்சுவது காகிதம் ஒன்றே. அதில் யாருடைய பெயர் நிற்கவேண்டும் என்பதைப் பிறர் தீர்மானித்த காலம் ஒன்று இருந்தது. அக்காலம் முடிந்துவிட்டது என்று மேடைகளில் பேசுகிறோம். முடிந்ததுதானா என்பதைக் காட்டவேண்டிய இடம் நமது புத்தக அலமாரி.